கேள்வி உங்களுடையது: சீன நாடகத்து நட்சத்திரக் காதல்

சீன நாடகங்கள் பற்றி வந்த கேள்விகளில், நடிகை, பாடகன், முகாமையாளர் என்று கலையுலகத்துக்குள்ளேயே நடக்கும் காதல் கதைகள் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்திருக்கிறோம். அரண்மனை நாடகக்காரர் கொஞ்சம் பொறுங்கள்.

மகளோட சேந்து 'யூ ஆர் மை குளோரி' பாத்தன். கதாநாயகி பெரிய நடிகை. வயசும் வந்திட்டு, தாய்தகப்பனும் குறுக்க நிக்கல்ல. மறுகா ஏன் காதலை ஒளிச்சு வைக்கா? முகாமையாளர்ட்டப் போய் அனுமதி கேக்கிற மாதிரி இரிக்கி.
— வாசகி, களுவாஞ்சிக்குடி

எங்கள் பக்கத்துக் காதல் கதை என்றால் குடி பார்ப்பார்கள், சீதனம் பேசுவார்கள், ஒரு மாமா வந்து மறிப்பார். இந்த வகைச் சீன நாடகத்தில் அந்த மாமாவின் இடத்தில் விளம்பர ஒப்பந்தம் உட்கார்ந்திருக்கிறது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறோம். 2021 ஜூலை 26 அன்று தொடங்கிய 32 பகுதி நாடகம். கு மான் என்ற எழுத்தாளரின் நாவல், திரைக்கதையும் அவரே. டில்ராபா டில்முராத் நடிக்கும் ச்சியாவ் ஜிங்ஜிங் முன்னணி நடிகை. யாங் யாங் நடிக்கும் யூ தூ விண்வெளிப் பொறியியலாளன். பள்ளிக்கூடத்தில் அவள் தன் விருப்பத்தைச் சொல்லி, அவன் மறுத்தவன். 'ஹானர் ஒஃப் கிங்ஸ்' என்ற கைபேசி விளையாட்டுக்கு அவள் விளம்பர முகம். அந்த விளையாட்டை அவள் படுமோசமாக விளையாடுவது வெளியே தெரிந்துவிடுகிறது. ஒப்பந்தம் ஆட்டம் காண்கிறது. விளையாடப் பழகிக்கொள்ள ஆள் தேடும்போது விளையாட்டுக்குள்ளேயே யூ தூ அகப்படுகிறான். கவனியுங்கள், காதல் தொடங்குவதே ஒரு விளம்பர ஒப்பந்தத்தைக் காப்பாற்றப் போய்த்தான்.

நட்சத்திரத்துக்குப் பெயர் வாங்கித் தருவது நாடகம், பணம் வாங்கித் தருவது விளம்பரம். பொருள் கடைக்கு வரும் முதல் நாளே ரசிகர்கள் அள்ளி வாங்குவார்கள் என்ற நம்பிக்கையில்தான் நிறுவனம் பணம் கொடுக்கிறது. நட்சத்திரத்தின் பெயர் கெட்டால் ஒப்பந்தத்தை முறிக்கலாம், நட்டஈடும் கேட்கலாம் என்று அதில் ஒரு பிரிவு இருக்கும். காதலிப்பது பெயர்கெடும் குற்றம் ஆகாதுதான். ஆனால் 'இவர் யாருக்கும் சொந்தமில்லை' என்று நினைத்துச் செலவழித்த ரசிகர் கூட்டம் காதல் செய்தி கேட்டுக் கலைந்து போனால், அடுத்த வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. ஆண் பாடகர்களுக்கு இந்த அடி பலமாக விழும். நடிப்பில் பெயர் எடுத்த நடிகைக்குக் குறைவு. இந்த நாடகத்தில் முகாமையாளர் கடைசியில் இறங்கி வருவது நம்பும்படி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால்தான் இப்படியான நாடகங்களில் காதல் விஷயம் காதில் விழுந்ததும் முகாமையாளர் கேட்பது மூன்றே கேள்வி: எத்தனை நாளாக? யார் யாருக்குத் தெரியும்? யாராவது படம் எடுத்திருக்கிறார்களா? 'அவன் நல்லவனா' என்பது நாலாவது.

நிஜத்தில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2017 ஒக்டோபர் 8 நல்ல சாட்சி. பாடகர் லு ஹான், நடிகை குவான் ஷியாவ்தோங் தன் காதலி என்று வெய்போ சமூக வலைத்தளத்தில் ஒற்றை வரி போட்டார். தளமே நிலைகுலைந்தது. அன்று தன் கல்யாணத்தில் இருந்த வெய்போ பொறியியலாளர் ஒருவர், மாப்பிள்ளைக் கோலத்தோடு மடிக்கணினியைத் திறந்து வைத்து வேலை பார்த்த படம் சீனா முழுக்கச் சுற்றியது.

இந்த வெய்போ திரை நாடகத்தில் அடிக்கடி வரும். அதை வாசிக்கப் பழகினால் கதை பாதி விளங்கும். முகாமையாளர் கைபேசியைப் பார்த்து முகம் மாறுகிறாரா, அது சூடான தேடல் பட்டியல், அதாவது அந்த நேரத்தில் வெய்போவில் ஆட்கள் அதிகம் தேடும் விஷயங்கள். ஐம்பது வரி இருக்கும். சில வரிகளின் ஓரத்தில் சின்னதாய் நிறச் சதுரம், அதற்குள் ஒற்றைச் சீன எழுத்து. 'ஷின்' என்றால் புதிது. 'ரெ' என்றால் சூடு. 'ஃபெய்' கொதிக்கிறது. 'பாவ்' வெடித்துவிட்டது. சப்டைட்டில் பெரும்பாலும் வரியை மட்டும் பெயர்க்கும், சதுரத்தை விட்டுவிடும். நாயகியின் பெயருக்குப் பக்கத்தில் கடுஞ்சிவப்பில் 'பாவ்' நின்றால், அடுத்த காட்சி அவசரக் கூட்டம்தான். மறுப்பு அறிக்கை விடுவதா, வாய் மூடி இருப்பதா, ஒத்துக்கொண்டு அறிவிப்பதா என்று அங்கே முடிவாகும். வக்கீல் கடிதமும் அங்கேதான் எழுதப்படும்.

நாடகம் ஓடேக்க ரெண்டு பேரும் பேட்டிகள்ல ஒட்டிக்கொண்டு திரிஞ்சாங்க. முடிஞ்ச பிறகு பேரைக்கூடச் சொல்றாங்க இல்ல. சண்டையா?
— வாசகி, ஆரையம்பதி

சண்டை இல்லை, கடை பூட்டியாச்சு. நாடகம் ஒளிபரப்பாகும் வாரங்களில் சோடி நெருக்கமாகத் தெரிய வேண்டும் என்பது விளம்பர வேலையின் ஒரு பங்கு. இதற்குச் சீனத்தில் 'யிங்யே' என்றே பெயர். கடை திறந்து வியாபாரம் நடத்துவது என்று பொருள். ஓடி முடிந்ததும் 'ஜியேபாங்' — கட்டு அவிழ்ப்பு. இருவரும் அடுத்த நாடகத்தில் வேறு சோடியோடு வரவேண்டும், பழைய சோடி ஒட்டிக்கொண்டே இருந்தால் புதியது எடுபடாது.

இன்னொன்றும் உண்டு. சோடியை விரும்பும் ரசிகர் ஒரு சாதி, ஒருவரை மட்டும் விரும்பும் ரசிகர் வேறு சாதி. இரண்டாவது கூட்டத்துக்கு மற்றவர் பெயரைக் கேட்டாலே ஆகாது. கையைச் சுடாமல் இருக்கத்தான் நடிகர்கள் பெயர் சொல்வதைத் தவிர்க்கிறார்கள். நிஜமாகவே காதலித்துக் கலியாணம் முடித்த சோடிகளும் இருக்கிறார்கள். ஆனால் பேட்டியில் கண்ட சிரிப்பை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

ஒருத்தரை ஒருத்தர் 'லாவ்ஷி, லாவ்ஷி' எண்டு கூப்புடுறாங்க. சப்டைட்டில்ல 'ரீச்சர்' எண்டு போடுறான். இவங்க எங்க படிப்பிச்ச?
— வாசகர், அக்கரைப்பற்று

'லாவ்ஷி' என்றால் ஆசிரியர்தான். ஆனால் படப்பிடிப்புத் தளத்தில் அது மரியாதைச் சொல். நடிகருக்கும் லாவ்ஷி, ஒப்பனைக்காரருக்கும் லாவ்ஷி, விளக்குப் பிடிப்பவருக்கும் லாவ்ஷி. கந்தோரில் எல்லாரையும் 'சேர்' போடுகிறோமே, அதுபோல. கூத்துக் களரியில் கூத்துப் பழக்குபவரை 'அண்ணாவியார்' என்பதில் இருக்கிற கனம் இதில் இல்லை. உண்மையான மூத்த நடிகரிடம் சொல்லும்போது மட்டும் குரல் மாறும், கவனித்துப் பாருங்கள்.

இயக்குநரைக் குடும்பப் பெயரோடு 'தாவ்' சேர்த்து அழைப்பார்கள்: வாங் தாவ், லி தாவ். வயதில் மூத்த பெண் 'ஜியே', உங்கள் பக்கத்து ராத்தா. மூத்த ஆண் 'கெ', அதாவது காக்கா. முகாமையாளர் பெண் என்றால் அநேகமாக ஏதோவொரு ஜியே. உதவியாளருக்குப் பெயரின் முன்னால் 'ஷியாவ்' வரும், சின்னவர் என்று பொருள்.

ஆங்கில சப்டைட்டில் இதையெல்லாம் தட்டையாக்கி வெறும் பெயராகப் போடும். அங்கேதான் காதல் கதையின் ருசி கொட்டுப்படுகிறது. முதலில் முழுப்பெயர் அல்லது 'லாவ்ஷி', பிறகு குடும்பப் பெயர் விழுந்து தனிப்பெயர், பிறகு பெயரின் ஒரு எழுத்தை இரட்டிப்பது என்று அழைக்கும் முறை படிப்படியாக இறங்கும். சொல்லாமலே சொல்லும் இடம் அது. படத்தைப் பார்த்துக்கொண்டு காதையும் திறந்து வையுங்கள்.

பெயர் தேடும்போது இன்னொரு சிக்கல் வரும். குடும்பப் பெயர் முன்னால் வரும், ச்சியாவ்தான் வீட்டுப் பெயர், ஜிங்ஜிங் அவளுக்கு வைத்த பெயர். ஆங்கில எழுத்தில் கியூ இருந்தால் 'ச்ச' என்று வாசியுங்கள், எக்ஸ் இருந்தால் 'ஷ', இசட்டும் எச்சும் சேர்ந்து வந்தால் 'ஜ'. கேட்ட ஓசையை அப்படியே ஆங்கிலத்தில் அடித்துத் தேடினால் வராததற்குக் காரணம் இதுதான்.

படம் எடுக்கிற காட்சியில கமராவுக்குச் சிவப்புச் சீலை போத்தி, ஊதுபத்தி கொளுத்திக் கும்பிடுறாங்க. அவங்களுக்குச் சாமி இல்ல எண்டுதானே சொல்ற?
— வாசகர், திருக்கோவில்

சீனத் திரையுலகில் படப்பிடிப்புத் தொடக்க விழா இல்லாமல் வேலை தொடங்குவது அருமை. வெளியே மேசை போட்டுச் சிவப்புத் துணி விரித்துப் பழம், பலகாரம் வைப்பார்கள். சில குழுக்கள் வாட்டிய பன்றி முழுசாகவும் வைக்கும். கமராவையும் சிவப்புத் துணியால் மூடிவிடுவார்கள். இயக்குநர் முதலாக ஆளுக்கு மூன்று ஊதுபத்தி பிடித்துத் திசை பார்த்துக் கும்பிட்டுச் சட்டியில் நட்டதும், முக்கியமானவர்கள் சேர்ந்து துணியை இழுப்பார்கள். பிறகு எல்லாருக்கும் 'ஹொங்பாவ்' என்ற சிவப்பு உறை, உள்ளே கொஞ்சம் காசு. வேலை தடங்கலின்றி ஓட வேண்டும், யாருக்கும் அடிபடக் கூடாது என்பதுதான் வேண்டுதல். எந்தச் சாமி என்று யாரும் அதிகம் கேட்பதில்லை.

வடமோடிக் கூத்துக்குச் சட்டங் கொடுக்கும் அன்றும் சதங்கை அணியும் அன்றும் மத்தளத்தையும் அண்ணாவியாரையும் கும்பிட்டு ஆடத் தொடங்கும் ஊர்க்காரருக்கு இதை விளக்கவே தேவையில்லை.

சாவு நடிப்பவருக்கும் தனியாக ஒரு சிவப்பு உறை கிடைக்கும். பிணமாகக் கிடந்தாலும் சரி, செத்தவராகச் சுவரில் படம் மட்டும் தொங்கினாலும் சரி. பீடை கழிக்கக் கொடுப்பது அது. துணை நடிகர் வாழ்க்கையைக் காட்டும் நாடகங்களில் இதை ஒரு நகைச்சுவைக் காட்சியாக வைப்பார்கள்: 'இன்றைக்கு மூன்று தரம் செத்தேன்' என்று உறைகளை எண்ணிக்கொண்டிருப்பான். அப்படியானவர்களுக்கு 'ஹெங்பியாவ்' என்று பெயரே உண்டு. செஜியாங் மாகாணத்து டொங்யாங் நகரில் உள்ள ஹெங்தியான் படப்பிடிப்பு நகரில் வாய்ப்புத் தேடி மிதப்பவர்கள் என்று பொருள். பேரரசர் அரண்மனையைப் பெய்ஜிங்கில் உள்ள அளவிலேயே அங்கே கட்டி வைத்திருக்கிறார்கள்.

வாயும் பேச்சும் பொருந்துதில்ல. என்ட போனா பழுது?
— வாசகி, ஏறாவூர்

போன் நல்லாத்தான் இருக்கிறது. பல சீன நாடகங்களில் நடிகரின் குரலுக்குப் பதில் குரல் நடிகர் ஒருவர் பின்னால் பேசிச் சேர்க்கிறார். சீனர்கள் பார்க்கும் மூலப் பதிப்பே அப்படித்தான். பக்கத்துத் தளத்தில் ஆணி அடிக்கும் சத்தம், தாய்வான், ஹொங்கொங் நடிகர்களின் உச்சரிப்பு, ஒருவர் இரண்டு வேலைக்கிடையில் ஓடித்திரிவதால் நேரமின்மை என்று காரணம் பல. படம் எடுத்த பிறகு தணிக்கைக்காக வசனம் மாற்றுவதும் உண்டு. அந்த இடத்தில்தான் உதடு ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமுமாக ஓடும்.

ஜி குவான்லின் என்ற குரல் நடிகை, 2011இல் வந்த ஜென் ஹுவான் அரண்மனை நாடகத்தில் கதாநாயகியாக நடித்த சுன் லிக்குக் குரல் கொடுத்தவர். சீனாவில் அவருக்கே தனி ரசிகர் கூட்டம் உண்டு. இக்கால நகரத்து நாடகங்களில் நடிகரின் சொந்தக் குரல் இப்போது கூடி வருகிறது. அப்படி இருந்தால் மூச்சு இரைப்பதும் சொல் தடக்குவதும் கேட்கும்.

உங்கள் போனைச் சோதிக்க வேண்டுமென்றால், அதே செயலியில் ஒரு செய்தி வீடியோவைப் பாருங்கள். அங்கே உதடு பொருந்தினால் நாடகத்தின் வேலை. அங்கேயும் பிந்தினால், புளூரூத் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

எதுல பாக்கலாம்? தமிழ்ல வருமா? எவ்வளவு டேட்டா போகும்?
— வாசகர், வாழைச்சேனை

ஐச்சியீ, வீ ரீவி, விக்கி ஆகியவை செயலிகள். யூரியூப்பில் தயாரிப்பு நிறுவனங்களே நடத்தும் சனல்களும் உண்டு. 'யூ ஆர் மை குளோரி' வீ ரீவிக்காரருடையது. ஒரே நாடகம் எல்லாவற்றிலும் இராது, நாட்டுக்கு நாடு உரிமையும் மாறும்.

தமிழ் சப்டைட்டிலை எதிர்பார்க்காதீர்கள், ஆங்கிலத்தை நம்புங்கள். யூரியூப்பில் பல்சக்கர அடையாளத்தை அழுத்திச் சப்டைட்டிலுக்குள் போய்த் தானியங்கி மொழிபெயர்ப்பில் தமிழைத் தெரிவுசெய்யலாம். மூலம் ஆங்கிலமாக இருந்தால் ஓரளவு விளங்கும். சீன மூலத்திலிருந்து நேரே தமிழுக்குத் தாவினால் பெயர்கள் சிதறும். யூ தூ என்ற பெயரில் வரும் 'தூ' என்ற எழுத்துக்குப் 'பாதை' என்று பொருள். நாயகி ஆசையோடு அவன் பெயரைக் கூப்பிடும் இடத்தில் திரையில் 'வழியில்' என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். படத்தோடு எரித்துப் பதித்த எழுத்து என்றால் இந்த வசதியே வேலை செய்யாது.

டேட்டாக் கணக்கு: பகுதி 45 நிமிடம் என்று வைத்தால் 32 பகுதிக்கு 24 மணித்தியாலம். 360 படத்தரத்தில் முழு நாடகமும் ஏறத்தாழ 7, 8 ஜிபியில் முடியும். 480 என்றால் 12 அளவில் போகும். 720க்குப் போனால் 30ஐத் தாண்டலாம். கைபேசித் திரைக்கு 480 தாராளம். தரத்தைத் தானியங்கியில் விட்டால் நல்ல சிக்னல் கிடைக்கும் இடத்தில் அது தானாக ஏறிக்கொள்ளும், டேட்டாப் பொதி பாதி மாதத்தில் தீர்வது அப்படித்தான். கையால் பூட்டி வையுங்கள். உங்கள் பொதியில் இரவு டேட்டா இருந்தால், அந்த நேரத்தில் செயலிக்குள் தரவிறக்கிப் பகலில் பார்ப்பது மிச்சம்.

புது நாடகம் பெய்ஜிங் நேரம் இரவு 8 மணிக்கு என்று போட்டிருந்தால் எங்களுக்கு மாலை 5.30. கட்டணம் கட்டியவர்களுக்கு முதலில் வரும், இலவசக்காரர் காத்திருக்க வேண்டும்.

கட்டணத்தில் ஒரு பொறி இருக்கிறது. முதல் மாதம் மலிவு, அடுத்த மாதத்திலிருந்து முழு விலை தானாக வெட்டப்படும். செயலியை அழித்தால் சந்தா நிற்காது. அன்ரொயிட் போனில் பிளே ஸ்டோர், உங்கள் படம், கொடுப்பனவுகளும் சந்தாக்களும், சந்தாக்கள் என்று போய் அங்கே இரத்துச் செய்ய வேண்டும். கட்டிய அன்றே இரத்துச் செய்தாலும் அந்த மாதம் முடியும்வரை பார்க்கலாம்.

நடிகைமாருக்கு உண்மையாவே அவ்வளவு சம்பளமா?
— வாசகர், சம்மாந்துறை

இருந்தது. 2018இல் நடிகை ஃபான் பிங்பிங்கிடம் வரியும் தண்டமுமாக 88 கோடி யுவானுக்கு மேல் கேட்டார்கள். அரசுக்குக் காட்ட ஒரு சின்ன ஒப்பந்தம், உள்ளுக்குள் ஒரு பெரிய ஒப்பந்தம். இதற்கு 'யின்–யாங் ஒப்பந்தம்' என்று பெயர். நடிகர் எல்லாருடைய சம்பளமும் தயாரிப்புச் செலவில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதிலும் முன்னணி நடிகர்கள் 70 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. நாடகத்தில் முகாமையாளர் வரிப் பத்திரத்தைக் கண்டு பதறினால் காரணம் இதுதான்.

பிள்ளை ஒரு ரசிகர் குழுவில இருக்கா. நட்சத்திரத்துட பிறந்தநாளுக்குக் காசு சேக்கிறாங்களாம், அனுப்பட்டாம் எண்டு நிக்கா.
— தாய், செட்டிபாளையம்

அனுப்பாதீர்கள். பற்றுச்சீட்டு இல்லை, கணக்குக் காட்ட யாருக்கும் கடமை இல்லை, காசு நட்சத்திரத்தின் கைக்குப் போவதுமில்லை. சீனாவிலேயே இது கைமீறிப் போனது. 2021 மே மாதம் ஒரு பாடகர் தெரிவுப் போட்டியில், பால் பானப் போத்தல் மூடிக்குள் இருந்த குறியீட்டை வருடினால்தான் வாக்கு. ரசிகர்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். ஆட்களைக் கூலிக்குப் பிடித்து வரிசையாக உட்காரவைத்து மூடியைத் திறந்து, பாலை வாய்க்காலில் ஊற்றினார்கள். அந்த வீடியோ வெளியானது, இறுதிச் சுற்றே நின்றது. எருமைப் பாலைச் சட்டியில் உறையவைத்து வயிறு வளர்க்கும் எங்கள் பக்கத்தவருக்கு அந்தக் காட்சி பார்க்கப் பொறுக்காது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில், நட்சத்திரங்களைத் தரவரிசைப்படுத்தும் பட்டியல்களையும், வயது குறைந்த பிள்ளைகள் நட்சத்திரத்துக்காகச் செலவழிப்பதையும் அரசு தடைசெய்தது. செப்டெம்பர் 2 அன்று அவ்வகைத் தெரிவுப் போட்டிகளே வேண்டாம் என்று அறிவித்தது.

பிள்ளைக்கு ஆசை தீர வேண்டுமென்றால், அவளே ஒரு படம் வரைந்து போடட்டும். குழுவில் காசு போட்டவர்களை விட அதற்குத்தான் விருப்பக்குறி கூட விழும்.

'யூ ஆர் மை குளோரி' முடிஞ்சிட்டு. அடுத்து என்ன?
— வாசகிகள், கல்முனை

பாடகி பக்கம் பார்க்க ஆசை என்றால் 2021இல் வந்த 'லவ் சீனரி'. ஷு லு நடிக்கும் பாடகி லியாங் சென், லின் யி நடிக்கும் மாணவன் லு ஜிங். பையன் வயதில் இளையவன், அதை நாடகம் பெரிய பிரச்சினை ஆக்காமல் மெதுவாகக் கொண்டுபோகிறது. சத்தமில்லாத நாடகம், பொறுமை வேண்டும்.

நிறுவனத்துக்குள் நடக்கும் இழுபறி வேண்டுமென்றால் 2019இன் 'த பிரைட்டஸ்ட் ஸ்டார் இன் த ஸ்கை'. ஹுவாங் ஸிதாவ் புகழ்பெற்ற பாடகன், வூ ச்சியான் அவனிடம் வந்து சேரும் புதிய ஊழியர். ஸிதாவ் நிஜத்திலும் பாடகர் என்பதால் மேடைக் காட்சிகள் பொய்யாகத் தெரியாது. நடிப்பு ஆரம்பத்தில் கொஞ்சம் கூடித்தான் போகும், முதல் நாலு பகுதியை வைத்து மூடிவிடாதீர்கள். உதவியாளராக வருபவள் ஒரு நாளில் என்னென்ன தூக்குகிறாள், எத்தனை பேருக்குப் பதில் சொல்கிறாள் என்று எண்ணிக்கொண்டே பாருங்கள். காதலை விட அது சுவாரசியம்.